சின்னக் காயம்

லாண்டரியில் பாய்லர் பார்த்தவருக்குக் கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு என்று பெயர். காலையில் தீ மூட்டி, ஆவி ஏறி, முதல் டிரம் சுற்ற ஆரம்பித்ததும் தூக்கைத் திறப்பார். ரெண்டு ஆள் சாப்பாடு இருக்கும். மத்தியானத்துக்கு இன்னொரு தூக்கு. அப்படிப்பட்ட மனுஷன் பாதியில் மூடிவைக்க ஆரம்பித்ததை முதலில் கண்டது அவர் மனைவிதான். அதே லாண்டரியில் விரிப்பு மடிக்கிறவள் அவள். திரும்பி வருகிற தூக்கைக் கழுவுகிறவளும் அவள்தானே.

லாட்ஜுகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் வேனில் மூட்டையாக வந்து இறங்கும். முன்கூடத்தில் கறை பார்த்துப் பிரிப்பார்கள். காப்பிக் கறை ஒரு குவியல், எண்ணெய்க் கறை ஒரு குவியல், சொல்லக் கூச்சப்படுகிற கறை ஒரு குவியல். உள்ளே டிரம்கள். அதற்கப்பால் துணியைப் பிழிகிற மெஷின், போட்டால் கட்டடமே அதிரும். கடைசியில் ரோலர். ஆள் உயரத்துக்கு நீளமான இரும்பு உருளை, உள்ளே ஆவி ஓடும். ஈர விரிப்பின் ரெண்டு முனையையும் ரெண்டு பேர் இழுத்துப் பிடித்து அதன் வாயில் கொடுத்தால் அந்தப் பக்கம் மொறுமொறுவென்று காய்ந்து வரும். ஆவி எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்த பாய்லர் அறையிலிருந்து வந்தது. அந்த அறையின் சுவரும் அவர்கள் வீட்டுச் சுவரும் ஒன்று. மழைக்காலத்தில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் சுகமாக இருக்கும். வெயில் காலத்தில் வீட்டுக்குள் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி.

முதலில் வாய்வு என்றார். சோடா குடித்தார். அப்புறம் சாப்பிட்டதும் நெஞ்சுக்குக் கீழே கல் வைத்தாற்போல் இருக்கிறது என்றார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். கடைசியில் ஒருநாள் பாய்லர் முன்னால் தலைசுற்றி உட்கார்ந்துவிட, முதலாளியே வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றின் அடிப்பக்கம், குடலுக்குப் போகிற வாசலுக்குக் கொஞ்சம் மேலே, கட்டி. கிள்ளி எடுத்து அனுப்பிப் பார்த்ததில் நல்ல கட்டி இல்லை என்று வந்தது. ஸ்கேனில் மட்டும் நல்ல சேதி இருந்தது: வேறெங்கும் பரவினதாகத் தெரியவில்லை, எடுத்துவிடலாம்.

அறுவை செய்கிற டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பொறுமையாகப் பேசினாள். வயிற்றில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்துவிடலாம், பழையபடி வயிற்றை நீளமாகக் கிழிக்க வேண்டியதில்லை, இப்போது ரோபோ வந்திருக்கிறது, சின்னச் சின்னத் துளை போட்டு அதன் கைகளை உள்ளே விட்டுச் செய்துவிடலாம் என்றாள். மனைவிக்குப் பாதி காதில் ஏறவில்லை. அவருக்கோ, வந்த வியாதியே மறந்துபோயிற்று. மெஷினோடு வாழ்கிறவர் இல்லையா. அந்தக் கை எந்தப் பக்கமெல்லாம் திரும்பும், கரண்ட் போனால் என்ன ஆகும், டாக்டர் எங்கே நிற்பார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, நிற்கமாட்டேன், தள்ளி ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரு பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு அங்கிருந்தே ஓட்டுவேன் என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் அதையேதான் பேசினார்.

ஆபரேஷன் அன்று நல்ல மழை. அவருடைய அக்காவும் மனைவியும் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா போனபிறகு அவரை வளர்த்தது அந்த அக்காதான். பள்ளிக்கூடத்து ஆயாவாக இருந்தவள், யாரையும் உட்காரச் சொல்லியே பேசுவாள். சாயங்காலம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நர்ஸ் வந்து கூப்பிட்டாள்.

“அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? மெஷின்னா மெஷின்தான்” என்றாள் அக்கா.

உள்ளே ஒரு சின்ன அறை. டாக்டரம்மா தலையில் தொப்பியோடு, முகத்து மாஸ்க்கைத் தாடைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். சுவரில் டிவி. அதில் செக்கச்செவேலென்று என்னவோ பளபளத்தது.

“இங்க பாருங்கம்மா. இதுதான் வயிறு. ஸ்கேன்ல பார்த்த கட்டி இங்க இருக்கு. அதை எடுத்திருக்கலாம். ஆனா சுத்தி வெள்ளை வெள்ளையா தெரியுது பாருங்க.”

“உப்புத் தூவின மாதிரி” என்றாள் மனைவி.

“ஆமா. உள்சவ்வு முழுக்கப் பரவியிருக்கு. ஸ்கேன்ல பிடிபடாத அளவுக்குப் பொடி. கேமராவை உள்ள விட்டுப் பார்த்ததும் தெரிஞ்சுது. அதுல ஒண்ணைக் கிள்ளி உடனே சோதிச்சும் பார்த்துட்டோம். சந்தேகமே இல்ல.”

“அதையும் சேர்த்து வழிச்சு எடுத்துட முடியாதா மேடம்?”

“முடியாதும்மா. இவ்வளவு பரவினப்புறம் வயித்தை எடுத்தா அவருக்குக் கஷ்டம்தான் மிச்சம், ஆயுசு கூடாது. மருந்து ஏத்திப் பார்க்கலாம். கொஞ்ச நாள் கேட்கும். முன்ன மாதிரின்னா, இதைத் தெரிஞ்சுக்கறதுக்கே வயித்தை நீளமாத் திறந்திருப்போம். ஏதோ, இப்ப சின்னக் காயத்தோட போச்சு.”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளுக்குள் போய் உட்கார்ந்தது. போச்சு.

ரோபோ என்ன ஆயிற்று என்று அக்கா கேட்டாள். அதை அவர் பக்கத்தில் கொண்டுவரவே இல்லை என்றாள் டாக்டரம்மா. பிறகு குரலைத் தணித்து, அவர் விஷயம் அவருக்குத் தெரிய வேண்டும், நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டாள். வீட்டுக்குப் போய் நாங்களே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறோம் என்றாள் மனைவி. அந்த நேரத்தில் அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

அவர் கண் விழித்தபோது வயிற்றில் மூன்று சின்னப் பிளாஸ்திரி. மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த பயிற்சி டாக்டர் சீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது இல்ல? வாய்வு பிரிஞ்சுதா? அப்ப வீட்டுக்குப் போகலாம்” என்றுவிட்டுப் போனான். அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “பார்த்தியா” என்றார். அவள் அவருடைய சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். குனிந்தே இருந்தாள்.

வீட்டுக்கு வந்த அன்றே அக்கா அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். இவன்கிட்ட மூச்சு விடக்கூடாது என்றாள். எங்கப்பாவுக்கு ஈரலில் வந்தது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னான், அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், வியாதி கொல்லும் முன்னே பயம் கொன்றுவிட்டது. இவனும் அதே ரத்தம் என்றாள். “இருக்கற வரைக்கும் சிரிச்சுக்கிட்டு இருந்துட்டுப் போகட்டும். பாரத்தை நாம ரெண்டு பேரும் சுமப்போம்.”

அக்கா சொன்னதற்காக மட்டும் அவள் வாயை மூடிக்கொண்டாள் என்றால் அது பொய். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று எழுந்திருப்பாள். அவர் முந்திக்கொண்டு பேசிவிடுவார். “இன்னிக்குப் பசிக்குது” என்பார். அல்லது மழை வெறித்துவிட்டது, கொடியில் துணி காயும், விறகு மிச்சம் என்பார். பசிக்கிறது என்கிற மனுஷனிடம் எதைச் சொல்வது? நாளைக்கு என்று தள்ளுவாள். நாளைக்கு என்பது கடன்காரன் வாசல் மாதிரி, தாண்டிப்போகத் தாண்டிப்போகப் பழகிவிட்டது. மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டு, சொல்லியாயிற்றா என்று கேட்டாள். “சொல்லிட்டேன் மேடம். தைரியமாத்தான் இருக்கார்” என்றாள் அவள். அதனால் டாக்டரம்மா அவரிடம் தெரிந்தவரிடம் பேசுகிற மாதிரியே பேசினாள். மருந்து ஆரம்பிப்போம், உடம்பு எப்படிக் கேட்கிறது என்று பார்ப்போம் என்றாள். எடுத்தது திரும்ப முளைக்காமல் இருக்கத்தான் மருந்து என்று அவர் எடுத்துக்கொண்டார்.

கொஞ்சம் சாப்பிட்டதும் அவருக்கு வயிறு நிறைந்துபோயிற்று. முன்பும் அப்படித்தான் நிறைந்தது. அப்போது அது நோய். இப்போது அதற்குக் காரணம் வைத்திருந்தார். முக்கால் வயிறுதான் போயாயிற்றே, கால் வயிற்றில் எவ்வளவு பிடிக்கும்? அரிசிக் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார். “விரிப்புக்கும் கஞ்சி, எனக்கும் கஞ்சி. இனிமே நானும் வெறைப்பாத்தான் நிப்பேன்” என்பார். மடிக்கிற பெண்கள் சிரிப்பார்கள். மனைவியும் சிரிப்பாள்.

மருந்து கொஞ்ச நாள் கேட்கத்தான் செய்தது. தலைமுடி மெலிந்தாலும் முகத்தில் தெளிச்சி வந்தது. வேலைக்குத் திரும்பினார். முதலாளி பெரிய பாய்லர் ஒன்று வாங்கப் போவதாகச் சொல்லி, அதைப் பார்க்க முதல் வகுப்புச் சர்டிபிகேட் வேண்டும், பரீட்சை எழுதுகிறாயா என்று கேட்டார். அவர் உடனே சரி என்றார். பாய்லர் அறையில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே புத்தகம் படித்தார். அனலில் நின்று படிக்கிற மனுஷனை ரோலர் பக்கமிருந்து மனைவி பார்ப்பாள். இந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருங்கள் என்று சொல்லக்கூட அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. நல்லா இருக்கிற ஆளை எதற்கு உட்காரச் சொல்வது?

ரோலரில் அவளுக்கு எதிர்முனை பிடிக்கிறவருக்குக் கப்பல் என்று பேர். சின்ன வயசில் ஒரு வருஷம் கப்பலில் துணி துவைத்தேன் என்று அவர் சொல்லிக்கொள்வதுண்டு. யாரும் நம்பவில்லை, பேர் மட்டும் நின்றுவிட்டது. கப்பலுக்கு ரொம்ப நாளாக வெளிக்குப் போகும்போது ரத்தம் போனது. மூலம் என்று சொல்லிச் சொல்லி மருந்துக்கடை மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்து, விரிப்பை இழுக்கும்போது மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் அவருக்கு அவருடைய அப்பா ஞாபகம் வந்துவிடும். வயிற்றைக் கீறித் தைத்து, தையல் கூடாமல், அந்தப் புண்ணோடே போன அப்பா.

பாய்லர்காரர் ஒரு மத்தியானம் கப்பலைப் பாய்லர் அறைக்கு இழுத்துப்போய், சட்டையைத் தூக்கிக் காட்டினார். மடிக்கிற பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள்.

“பாருண்ணே. எங்க இருக்கு காயம்? தேடிக் கண்டுபிடி. கொசு கடிச்சா இதவிடப் பெருசா வீங்கும். நாலு கை அதுக்கு. என்னை உள்ள தள்ளிக்கிட்டுப் போகும்போதே பார்த்தேன், கண்ணாடித்தாள் போர்த்தி மாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வெச்சிருந்தாங்க. டாக்டரம்மா நம்மளைத் தொடறதே இல்ல. மூலையில உக்காந்து ஒரு பெட்டிக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிட்டு, காலால மிதிச்சுக்கிட்டு விரலை ஆட்டுறாங்க. இங்க அது முக்கால் வயித்தை அறுத்து, மிச்சத்தைக் குடலோட தெச்சு, பைக்குள்ள போட்டு வெளிய எடுத்துருச்சு. மறுநாள் நான் எந்திரிச்சு நடந்தேன்.”

கப்பல் அந்தத் தழும்புகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி, வாசலில் நின்ற பாய்லர்காரர் மனைவியிடம் கேட்டார்.

“தங்கச்சி, இவன் அளப்பான். நீ சொல்லு. நெசந்தானா?”

அவள் கையில் மடித்த விரிப்புகள் அடுக்காக இருந்தன. பொய் என்றால் புருஷன் அங்கேயே விழுவார். தெரியாது என்றால் கப்பல் ஜென்மத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டார். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“நெசந்தாண்ணே. பயப்படாம போங்க” என்றாள்.

கப்பல் போனார். மூலம் இல்லை, மலக்குடலில் கட்டி, ஆனால் பரவவில்லை என்றார்கள். அதே டாக்டரம்மா, அதே மெஷின். அந்த மெஷின் கப்பலின் இடுப்பெலும்புக்குள் கை நுழைய இடமில்லாத இண்டு இடுக்கில் போய், கட்டியைச் சுத்தமாக எடுத்து, குடலின் ரெண்டு முனையையும் சேர்த்துவிட்டது. சேர்த்த இடம் ஆறும்வரை கொஞ்ச காலம் மலம் இறங்க வயிற்றில் ஒரு பை, அப்புறம் அதை எடுத்துவிட்டு மூடிவிடுவார்கள். கப்பல் உட்கார்ந்து பால் குடிக்கிற போட்டோ வந்த அன்றைக்குப் பாய்லர்காரர் லாண்டரி முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். கையில் டீ கிளாஸோடு மனைவியிடம் வந்து, “ஒரு உசுரைக் காப்பாத்தி இருக்கேன் தெரியுமா?” என்றார். அவள் தெரியும் என்றாள். அது உண்மைதான். அன்றைக்கு அவளுக்கு அது தாங்க முடியாத உண்மையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் மகள் போன் செய்தாள். ஒரே பெண், தூரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்து குணமாகிவிட்டது என்பதுதான் அவளுக்குத் தெரியும். லீவு விட்டிருக்கிறார்கள், ஒரு கம்பெனியில் லீவு முழுக்கப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், ஆனால் எனக்கு வீட்டுக்கு வரவேண்டும்போல் இருக்கிறது என்றாள். அவர் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு பேசினார். நீ இங்கே வந்து இந்த அனல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறாயா, நானே பரீட்சைக்குப் படிக்கிறேன், நீ வந்தால் ரெண்டு பேரும் அரட்டையில் உருப்படாமல் போவோம், அந்தப் பயிற்சியை முடி, அடுத்த லீவுக்குச் சேர்த்துவைத்து இரு என்றார்.

“அம்மா, நீ என்ன சொல்ற?” என்றாள் மகள்.

அவர் போனை மனைவியின் பக்கம் நீட்டினார். முகத்தில் சிரிப்பு. தன் மகளைக் கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்கிற பெருமை.

“அப்பா சொல்றபடி செய்யும்மா” என்றாள் அவள்.

பரீட்சை எழுதப் போன இடத்தில்தான் முதல் வாந்தி வந்தது. எழுதி முடித்து வெளியே வந்து வேலியோரம் எடுத்தார். முதல்நாள் சாப்பிட்டது அப்படியே வந்தது. பிறகு அது வழக்கமாயிற்று. மெஷின் தைத்த இடம் இறுகியிருக்கும், கொஞ்சம் தளர்த்திவிட்டால் சரியாகும் என்றார் அவர். கஞ்சியும் நிற்கவில்லை. கன்னம் ஒட்டிற்று. பாய்லரைப் பார்க்கப் பக்கத்து லாண்டரியிலிருந்து வேறு ஆள் வந்தான். இன்னும் எத்தனை நாளைக்கு மறைப்பது என்று மனைவி அக்காவிடம் அழுதாள். இவ்வளவு நாள் தாங்கிவிட்டு இப்போது போட்டு உடைப்பாயா என்றாள் அக்கா. தண்ணீரும் இறங்காமல் போனபிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

கட்டி வாசலை அடைத்துவிட்டது. அறுத்துப் பிரயோஜனமில்லை. ஆனால் அதற்கும் ஒரு வழி வந்திருந்தது. கம்பிவலையால் ஆன ஒரு குழாயைச் சுருக்கி, வாய்வழியாக அனுப்பி, அடைத்த இடத்தில் விட்டால் அது குடை விரிகிற மாதிரி தானே விரிந்து வழிவிடும். திரவமாகவாவது இறங்கும். டாக்டரம்மா அப்போது வெளியூரில். அதைச் செய்தவன் வேறொரு இளம் டாக்டர், நல்ல பையன். மயக்க ஊசி போடுமுன் அவர் வழக்கம்போல் அந்தக் கம்பிவலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவனும் கையில் வைத்துக் காட்டி விளக்கியிருக்கிறான். போன தடவை எடுக்க முடியாமல் மூடிவிட்டார்களே, அந்தக் கட்டிதான் இப்போது அடைக்கிறது, இந்தக் குழாய் அதை ஒதுக்கித் தள்ளி நிற்கும் என்றிருக்கிறான். அவர் தலையாட்டினாராம். வேறொன்றும் கேட்கவில்லையாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

வண்டியில் வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கட்டிலில் படுத்தார். மனைவி கஞ்சியை ஆற்றி வடிகட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ பாய்லருக்கு விறகு தள்ளுகிற சத்தம் கேட்டது.

“அன்னிக்கு என் வயித்துல ஒண்ணும் எடுக்கலையா?”

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“கேக்கறேன்ல.”

“எடுக்கல.”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“உங்க அக்காவுக்கு. எனக்கு.”

“டாக்டரம்மா ஏன் எங்கிட்ட சொல்லல?”

“உங்ககிட்ட சொல்லிட்டோம்னு நான்தான் சொன்னேன்.”

அவர் சத்தம்போடுவார் என்று அவள் நினைத்தாள். போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் எதையோ பின்னோக்கி நினைத்துப் பார்க்கிற மாதிரி மேலே பார்த்தார்.

“கப்பல்கிட்ட நெசந்தான்னு சொன்ன. அது போகட்டும். அந்த மனுஷன் பொழச்சான்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “புள்ள போன் பண்ணுச்சே. வரட்டுமான்னு கேட்டுச்சே. நான் வராதேன்னு சொன்னேன். நீ பக்கத்துலதானே நின்ன?”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்ல முடியலங்க.”

“கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லியிருக்கலாம்ல” என்றார்.

அதுதான். அதற்குப்பிறகு அவர் அவளோடு பேசவில்லை. முறைக்கவில்லை, கஞ்சியைத் தள்ளவில்லை. கொடுத்ததைக் குடித்தார், முதுகைத் துடைத்துவிட்டால் திரும்பிக் கொடுத்தார். பேச்சு மட்டும் இல்லை. அக்கா வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு, பாவி நான்தான் சொல்லவிடவில்லை என்று அழுதபோது அவள் தலையைத் தடவி, “விடுக்கா, நீ என்ன பண்ணுவ” என்றார். அதைக் கேட்டுக்கொண்டு மனைவி அடுப்படியில் நின்றாள். அக்காவுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்காது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. வளர்த்தவள் குழந்தையாக நினைத்து மறைத்தாள். கூட வாழ்ந்தவள் அப்படி மறைக்கலாமா? அவர் இப்படித்தான் நினைத்திருப்பார் என்று அவளே சொல்லிக்கொண்டாள். கேட்க வழியில்லை.

மகள் வந்தாள். அம்மா வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எதையும் விடாமல், போனில் பேசிய அன்றைக்கு நின்ற இடம் உட்பட. மகள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளிடம் பேசினார். கம்பெனியில் என்ன வேலை கொடுத்தார்கள், சாப்பாடு எப்படி, தனியாக ரோடு தாண்டப் பயமில்லையா என்று கேட்டார். பரீட்சையில் பாஸ் என்று முதலாளி வந்து சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு, “உங்கப்பன் முதல் வகுப்பு, தெரிஞ்சுக்க” என்றார். மகள் சிரித்தாள். கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அம்மா பக்கத்தில் போனாள். மகள் விலகிப் போகவுமில்லை, சாயவுமில்லை.

கப்பல் வந்தது அந்த நாட்களில்தான். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. சட்டைக்கடியில் பை. அதை எடுத்துக் குடலை உள்ளே சேர்க்கிற ரெண்டாவது ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் நாற்காலியில் உட்காரக்கூட மறந்துவிட்டார். மெதுவாகச் சுவரோரமாய் நின்றார். அந்த ஆபரேஷன் வேண்டாம் என்று தோன்றுகிறது தம்பி, இந்தப் பையோடே காலத்தை ஓட்டிவிடுகிறேன் என்றார். உனக்கு நல்லபடியாகப் பண்ணின மெஷினே இப்படிக் கைவிட்டுவிட்டதே, எனக்கு மட்டும் எத்தனை நாளைக்கு என்றார்.

பாய்லர்காரர் அவரைக் கிட்டே வரச் சொன்னார்.

“அந்த மெஷின் என்னைத் தொடவே இல்லண்ணே. உள்ள பார்த்துட்டு, முடியாதுன்னு மூடிட்டாங்க. எனக்குத் தெரியாம உங்கிட்ட அளந்துட்டேன். உனக்கு நெசமாவே எடுத்துட்டாங்க. உன்னுது வேற, என்னுது வேற. போய்ப் பையை எடுத்துட்டு வா. ரோலர்ல ஆள் இல்லாம எல்லாரும் சிரமப்படறாங்க.”

கப்பல் திரும்பிப் பாய்லர்காரர் மனைவியைப் பார்த்தார். தங்கச்சி நீயா, அன்றைக்கு நீயும்தானே, என்று கேட்கிற பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கப்பல் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, போகும்போது வாசற்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டவே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

கம்பிவலைக் குழாயும் கொஞ்ச நாளில் அடைத்துக்கொண்டது. அதற்குள்ளும் கட்டி வளர்ந்துவிட்டது. இன்னொன்று வைக்கலாம் என்றார்கள். அவர் வேண்டாம் என்று மகள் மூலமாகச் சொல்லிவிட்டார். வலிக்கு ஊசி மட்டும் போட வீட்டுக்கே நர்ஸ் வந்தாள். மனைவி லாண்டரிக்குப் போவதை நிறுத்தவில்லை. போகாமல் வீட்டில் இருந்தால், பேசாத மனுஷனுக்கு எதிரில் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. வேன் வரும், மூட்டை பிரிப்பாள், விரிப்பின் முனையைப் பிடிப்பாள். நடுநடுவே ஓடிவந்து அவருடைய உதட்டை நனைத்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு தடவை படியேறும்போதும் இன்றைக்கு ஏதாவது சொல்வார் என்று நினைப்பாள். திட்டினாலும் போதும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் போதும்.

அன்றைக்குக் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மகள் கட்டிலுக்கு அந்தப்பக்கம், அவள் இந்தப்பக்கம். அக்கா வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் திறந்தார். ரெண்டு பேரையும் பார்க்கவில்லை, நடுவில் எங்கேயோ பார்த்தார். உதடு அசைந்தது.

“தண்ணி” என்றார்.

ரெண்டு பேரும் எழுந்தார்கள். சொம்பு அவளுக்குத்தான் கிட்டே இருந்தது. கை நீட்டியவள், மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மகள் சுற்றிவந்து சொம்பை எடுத்து, பஞ்சை நனைத்து, அவருடைய உதட்டில் வைத்தாள்.

அவர் கேட்டது அதுதான் கடைசி. அதை யாரிடம் கேட்டார் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.